புரசம்பூவும் வேற்று மரத்து இலையும்

மார்ச் 3

அஞ்சல்தலை வெளியீட்டுப் பிரிவின் துணை இயக்குநர் அவர்களுக்கு,

உறவுமுறை சொல்லி இக்கடிதத்தைத் தொடங்காததற்குக் காரணம் உண்டு. என் மனைவியின் தம்பிக்கு நான் எழுதவில்லை. மூன்று ஆண்டுகளாக அவருக்கு எழுத என்னிடம் எதுவும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. சென்ற வாரம் நாளிதழ்களில் வெளியான உங்கள் துறையின் அறிவிப்பைப் பற்றி, அதில் கையொப்பமிட்டிருக்கும் அதிகாரிக்கு எழுதுகிறேன்.

‘பூக்கும் நாட்டு மரங்கள்’ என்ற எட்டு அஞ்சல்தலைகளின் வரிசையில் மூன்றாவதான புரசு, படத்தில் பிழை இருப்பதால் திரும்பப் பெறப்படுகிறது என்பது அறிவிப்பின் முதல் வாக்கியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூ புரசினுடையது, இலை முள்முருக்கினுடையது. இயற்கை செய்யத் துணியாத ஒட்டுவேலையை அரசு முத்திரையுடன் செய்து, இருபது லட்சம் பிரதிகள் அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு: ‘இப்பிழை ஓவியரின் கவனக்குறைவால் நேர்ந்தது.’

ஓவியருக்கு இருபத்து நான்கு வயது. அவள் என் மகள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெயரைப் போட்டுவிட்டதால் இப்போது ஊருக்கே தெரியும். அஞ்சல்தலையின் ஓரத்தில் எறும்பளவு எழுத்தில்கூட வரைந்தவர் பெயரைப் போடாத துறை, பழி சுமத்தும்போது மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறது.

ஓவியர் தன் முன் வைக்கப்பட்டதை வரைகிறார். வைத்தவர் யார்? வரைந்து முடித்தபின் சரிபார்த்தவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை சொல்லாமல் கவனக்குறைவு என்ற சொல்லைப் பயன்படுத்துவதுதான் கவனக்குறைவு. அந்த வாக்கியம் பதினைந்து நாட்களுக்குள் திரும்பப் பெறப்பட வேண்டும். இல்லையேல் தாவரத் தொகுதி நூல்களின் பதிப்புக் குழுத் தலைவர் என்ற முறையில் நான் வெளிப்படையாக எழுத நேரிடும்.

இக்கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம்.

தாவரவியல் பேராசிரியர்

*

மார்ச் 9

அத்தானுக்கு,

உறவுமுறை இல்லாமல் எழுத உங்களுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. துணை இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு வருடம். உங்களை அத்தான் என்று கூப்பிடத் தொடங்கி இருபத்தெட்டு வருடம். அஞ்சல் துறையில் வேலை பார்க்கும் எனக்குக் கடிதம் எழுத ஒரு மனிதர் கிடைத்தாரே என்று அந்த வகையில் சந்தோஷம்தான்.

அறிவிப்பில் என் கையெழுத்து இருப்பது உண்மை. வாசகம் மேலிடத்திலிருந்து வந்தது. அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை.

விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் ஒரு கார்டு எழுதினார். ‘முள்முருக்கு எலையை என் ஆடு ஓடி வந்து தின்னும். புரசு எலையை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். ஆட்டுக்குத் தெரிஞ்சது ஆபீசுக்குத் தெரியலையே ஐயா.’ பத்திரிகைக்கும் ஒரு பிரதி போட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் யார் கோப்பு நீட்டினாலும் ‘ஆடு பாத்தாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

சரிபார்த்தவர் தோட்டக்கலை அலுவலகத்துக்காரர். ரோஜாவில் கெட்டிக்காரர். படங்கள் அவரிடம் போயிருக்கவே கூடாது. போன ஜூலையில் எட்டையும் தாவரத் தொகுதிக் குழுத் தலைவருக்குத்தான் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. அனுப்புநர் இடத்தில் என் முத்திரை இருந்ததுதான் காரணமாக இருக்கும். அந்த உறை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விசாரணைக் கோப்பில் நான் சேர்க்கவில்லை.

விசாரணைக் குழு ஏப்ரல் 10 அன்று கூடுகிறது. மாமன் என்பதால் நான் அதில் உட்கார முடியாது. கோப்பு தயார் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். அவள் பெயரை ஓவியர் பட்டியலிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்பதே கேள்வி. எடுத்துவிட்டால் மே மாதம் அவள் தொடங்க வேண்டிய அடுத்த எட்டு மரங்களும் போகும். மற்ற அலுவலகங்களும் வேலை கொடுக்கும்முன் எங்கள் பட்டியலைத்தான் பார்க்கின்றன.

எதைப் பார்த்து வரைந்தாள் என்று காட்டினால்தான் அவளைக் காப்பாற்ற வழி உண்டு. மூன்று கல்லூரிகளிலிருந்து, செடியைக் காயவைத்து ஒட்டிய உலர்செடித் தாள்களை இரவல் வாங்கி ஓவியர்களிடம் கொடுத்திருந்தோம். எந்தத் தாள் என்று கேட்டால் குருவி (நான் அவளை இப்படிக் கூப்பிடுவது உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்) வாயைத் திறப்பதில்லை. ‘தப்பு என்னுதுதான் மாமா, அப்படியே எழுதிக்குங்க’ என்கிறாள். அப்பனைப் போலவே பிடிவாதம். ஆனால் அவள் பிடிவாதத்தில் சத்தம் இல்லை.

மைத்துனன்

*

மார்ச் 14

துணை இயக்குநர் அவர்களுக்கு,

உறையைத் திருப்பி அனுப்பியது நான்தான். அதைக் கோப்பில் சேர்க்க என் அனுமதி தேவையென்றால் இதுவே அனுமதி. உங்கள் கருணையை எனக்காக இழுப்பறையில் பூட்டி வைக்க வேண்டாம்.

அவள் பிடிவாதத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தருகிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்முறைத் தேர்வில் அவள் சமர்ப்பித்த தாள் ஒன்றில், செடி எடுத்த இடத்தின் கடல்மட்ட உயரம் அளக்காமல் ஊகமாக எழுதப்பட்டிருந்தது. தேர்வாளர் தேர்ச்சி தந்தார். துறைத் தலைவர் என்ற முறையில் நான் அதை நிராகரித்தேன். ஊகித்து எழுதிய எண்ணை வேறொருவன் உண்மையென்று நம்புவான். அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்த அறிவியலே நிற்கிறது. மகளென்று விட்டிருந்தால் மறுநாள் வேறொருவன் மகனை எந்த முகத்தோடு நிறுத்துவேன்? அவள் ஓராண்டு காத்திருந்து மறுபடி எழுதியிருக்கலாம். நீங்கள் ரயில் நிலையத்துக்கு வந்து, வீட்டை விட்டு வந்தவளின் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓவியப் பள்ளியில் சேர்த்தீர்கள். அன்று எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. இன்று அவளுக்குச் செய்வதை மறக்க விடமாட்டேன்.

என் மனைவி இதை எழுதும் மேசையருகே வந்து, “தம்பி மேல கோவப்பட்டு எழுதறீங்க. மகளுக்கு எழுதினாலும் அதே தபால்பெட்டிலதான போடணும், ஒண்ணும் தூரம் இல்ல” என்றாள்.

இனி வேலைக்கு வருவோம். புரசு, முள்முருக்கு இரண்டுக்கும் ஒரே காம்பில் மூன்று இலைகள். புரசின் இலை தடித்தது, நுனி மழுங்கியது. முள்முருக்கின் இலை மெல்லியது, நுனி கூரியது. பூக்கும் காலத்தில் இரண்டும் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். ஆகவே பூவை ஒரு பருவத்திலும் இலையை இன்னொரு பருவத்திலும் அதே மரத்துக்குப் போய் எடுத்து, ஒரே தாளில் ஒட்டுவது முறை. போகச் சோம்பல்பட்ட எவனோ கைக்கெட்டிய வேறு இலையை ஒட்டியிருக்கிறான். இரவல் பதிவேட்டைப் பாருங்கள். தாள் கிடைக்கும். ஒவ்வொரு தாளின் வலது கீழ்மூலையிலும் சேகரித்தவன் பெயர் இருக்கும். ஓவியரின் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பெயரை அதே தடித்த எழுத்தில் போடுங்கள். அவன் உயிரோடிருந்தால் பதில் சொல்லட்டும்.

பேராசிரியர்

*

மார்ச் 22

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி இரவல் பதிவேட்டைப் பார்த்தேன். புரசுக்கு மட்டும் பதினோரு தாள்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் அவள் தன் மேசைக்கு வாங்கிக் கையெழுத்திட்டிருக்கிறாள். எண் 4417. நீங்கள் படித்த கல்லூரியினுடையது. தாள் திரும்பப் போய்விட்டது. கேட்டதும் அங்குள்ள காப்பாளர் புகைப்படம் அனுப்பினார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உட்கார்ந்துகொண்டு பாருங்கள்.

எனக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரியும். கல்யாணத்துக்கு முன் அக்காவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் திருட்டுத்தனமாகப் படித்தவன் நான். ‘புரசு. நீர்த்தேக்கத்தின் வடகரை. பிப்ரவரி 19. பூ செம்மஞ்சள்.’ அதன் கீழே உங்கள் பெயர். முப்பத்தைந்து வருடம் ஆகியும் மை மங்கவில்லை.

அன்று மாலையே அவள் அறைக்குப் போனேன். மாடி அறை, ஒரே ஜன்னல், மேசை நிறைய இலை. படத்தை முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் போட்டாள்.

“பதினொண்ணுல இத ஏன் எடுத்த?”

“அப்பா எழுத்து.”

“எலை வேறன்னு தெரியுமா?”

“வரையும்போது தெரியாது. அப்பா தாள்ல தப்பு இருக்கும்னு யாருக்காவது தோணுமா மாமா? ஆட்டுக்காரர் கார்டு வந்தப்புறம்தான் போய்ப் பாத்தேன்.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதான?”

“என்னன்னு சொல்றது? ஒரே ஒரு நம்பரை ஊகமா எழுதினதுக்கு என்னை ஃபெயிலாக்கின மனுஷன். இப்ப நான் போய் இதை எழுதிக் குடுத்தா பழி வாங்கற மாதிரி இருக்கும். எனக்கு அவர ஜெயிக்க வேணாம். அதுல என்ன இருக்கு?”

பிறகு, இதை உங்களுக்கு அனுப்பக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் செய்யவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கோப்பில் இன்னும் சேர்க்கவில்லை. இழுப்பறையில் என்னென்ன வைக்கக் கூடாது என்று நீங்கள் போன கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

மைத்துனன்

*

மார்ச் 26

படம் வந்தது.

புகைப்படத்தை வைத்து ஒரு தாளைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையல்ல. நேரில் பார்க்க வேண்டும். வியாழன் அன்று அங்கே செல்கிறேன். அதுவரை எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவளுக்கு எதுவும் எழுதவில்லை.

*

ஏப்ரல் 1

அத்தானுக்கு,

வியாழக்கிழமை நீங்கள் போனதாகக் காப்பாளர் தொலைபேசியில் சொன்னார். “ஐயா ரெண்டு மணி நேரம் அந்தத் தாள் முன்னாடியே உக்காந்திருந்தார். லென்ஸைக் கையில வச்சிருந்தார், கண்ணுகிட்ட கொண்டு போகவே இல்ல” என்றார். அதன்பின் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. ஒன்பது நாட்களில் குழு கூடுகிறது. ஆகவே நானே எழுதுகிறேன்.

விதியைப் படித்துவிட்டேன். ஆதாரத் தாளில் அறியாமல் நேர்ந்த பிழை இருந்தால், உயிருள்ள மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொறுப்பு ஓவியருக்கும் உண்டு. இரண்டு ஆண்டுகள் பட்டியலிலிருந்து நீக்கம். தாள் தெரிந்தே பொய்யாகச் செய்யப்பட்டிருந்தால் ஓவியர்மீது குற்றமில்லை. மூன்றாவது வழி கிடையாது.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் ‘தவறுதலாக’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். மாணவப் பருவம், முப்பத்தைந்து வருடம், யாருக்கும் கேள்வி வராது. அறிவிப்பிலிருந்து ‘கவனக்குறைவு’ போகும். அவளுக்கு இரண்டு வருடம் போகும். அவளுக்கு இருபத்து நாலு, இருபத்தாறில் மறுபடி தொடங்கலாம். உங்களுக்கு ஐம்பத்தாறு. நாலு வாலியூம் தாவரத் தொகுதி உங்கள் பெயரில் நிற்கிறது. இந்த வயதில் பெயர் கீழே விழுந்தால் குனிந்து எடுக்க முதுகு வளையாது.

இது அவள் கேட்டதும்தான். “தெரியாம நடந்ததுன்னு அப்பா எழுதட்டும். ரெண்டு வருஷம் நான் பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்குப் படம் போட்டுப் பொழச்சுக்குவேன்” என்றாள்.

ஒருவேளை நிஜமாகவே தெரியாமல் நடந்ததுதானோ என்னவோ. அதை நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எனக்கும் அலுத்துவிட்டது அத்தான். அக்காவை நினைத்து எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மைத்துனன்

*

ஏப்ரல் 5

மைத்துனருக்கு,

குழுவுக்கான வாக்குமூலம் ஒரு பக்கத்தில் தனியே இருக்கிறது. அதில் தேவையானது மட்டும் உள்ளது. இது உங்களுக்கு.

பட்டத் தேர்வுக்கு அறுபது தாள்கள் கொடுக்க வேண்டும். ஐம்பத்தொன்பது முடித்திருந்தேன். அவற்றில் ஒரு குற்றம் காண முடியாது. இன்றும் யாரும் போய்ப் பார்க்கலாம். அறுபதாவது புரசு. பிப்ரவரியில் பூவை எடுத்தபோது மரத்தில் ஓர் எண் தகடு கட்டிவிட்டு வந்தேன், இலை வந்தபின் அதே மரத்தைக் கண்டுகொள்ள. இரண்டு பேருந்து மாறி, இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஜூனில் மழை பிடித்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. வீட்டில் யாருக்கும் உடல்நலக் குறைவில்லை. போக மனமில்லை, அவ்வளவுதான். ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது விடுதிச் சமையலறையின் பின்வேலியில் நின்ற முள்முருக்கிலிருந்து ஓர் இலைக்கொத்தைப் பறித்தேன்.

‘தவறுதலாக’ என்று எழுதச் சொல்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். நான் அனுப்பிய புகைப்படத்தை, மன்னிக்கவும், நீங்கள் அனுப்பிய புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். இலைகளின் நுனி தெரியாது. மூன்றின் நுனியும் உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தைக் காட்ட ஒன்றை மடிப்பது உண்டு. மூன்றையும் எவரும் மடிப்பதில்லை. கூரிய நுனி வெளியே தெரிந்தால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். மடித்தால் மழுங்கல்போல் இருக்கும். மெல்லிய பசையால், நகத்தால் அழுத்தி, சீராக மடித்தேன். இருபத்தொரு வயதில் என் கை அவ்வளவு சுத்தம். தெரியாமல் செய்பவனுக்கு மடிக்கத் தோன்றாது.

இப்போது அவள் வரைந்த அஞ்சல்தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நுனிகள் நிமிர்ந்திருக்கின்றன. தேர்வாளர், அவருக்குப் பின் அந்தத் தாளைக் கையில் எடுத்த எத்தனையோ பேர், யாரும் காணாத மடிப்பை அவள் மடிப்பென்று கண்டாள். மடிந்த பாகம் எவ்வளவு இருக்கும் என்று நரம்புகளின் போக்கை வைத்துக் கணக்கிட்டு, நுனியை உள்ளபடி வெளியே கொண்டுவந்து வரைந்தாள். ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. நான் ஒளித்ததை அவள் விரித்துவிட்டாள். அவள் கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தால் தாளில் இருந்தபடி மழுங்கலாகவே வரைந்திருப்பாள். வனக்காவலர் கண்ணுக்கும் அது புரசு இலையாகவே பட்டிருக்கும். இருபது லட்சமும் விற்றுத் தீர்ந்திருக்கும்.

உங்கள் அறிவிப்பின் இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று மார்ச் 3 அன்று எழுதினேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

மார்ச் 14 அன்று அந்த ‘எவனோ’வைப் பற்றி எழுதியபோது இது நினைவில் இருந்ததா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் முழுப் பொய்யாகாது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்தக் கல்லூரிக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த அலமாரியை மட்டும் திறந்ததில்லை. தொகுதியில் புரசைப் பற்றிய பக்கத்தை எழுதும் வேலையை உதவியாளரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருக்கக் கற்றிருந்தேன். இதற்கு மறதி என்று பெயரில்லை.

உயரத்தை ஊகித்த பெண்ணை நிறுத்தியவன் நான். அந்த உயரத்தை அவள் போனபின் நானே போய் அளந்தேன். அவள் எழுதியதற்கும் அதற்கும் நாலு மீட்டர்தான் வித்தியாசம். அதையும் அவளிடம் சொல்லவில்லை.

வாக்குமூலத்தில் ‘அறிந்தே’ என்ற சொல்லின் கீழ் கோடிட்டிருக்கிறேன். குழு அதை அடித்துத் திருத்தக் கேட்டால் மறுப்பேன். தொகுதிக் குழுவிலிருந்து விலகும் கடிதத்தின் நகலும் உள்ளது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. உங்கள் யோசனைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: என் பெயரை அவளுடைய இரண்டு வருடத்தில் காப்பாற்றலாம் என்று உங்களுக்குத் தோன்றியதற்காக உங்கள்மீது எனக்கு இன்னும் கோபம். அவள் அதற்குச் சம்மதித்ததற்காக யார்மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இக்கடிதத்தின் கையொப்பத்தில் பதவி வேண்டாம்.

*

ஏப்ரல் 17

அத்தானுக்கு,

குழு நாற்பது நிமிடத்தில் முடித்துக்கொண்டது. அவள் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. புது அறிவிப்பு நாளை மறுநாள் வரும். வரைவின் நகல் இத்துடன். ‘கவனக்குறைவு’ இல்லை. உங்கள் பெயர் இருக்கிறது, சாதாரண எழுத்தில். தடித்த எழுத்து வேண்டுமென்று நீங்கள் மார்ச்சில் கேட்டிருந்தீர்கள். அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை.

உறுப்பினர்களில் ஒருவர் உங்கள் வாக்குமூலத்தைக் கீழே வைத்துவிட்டு, “இந்த மனுஷன் என் பையனை ரெண்டு தடவை ஃபெயிலாக்கினாரு” என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறாரோ என்று இருந்தது. வாக்குமூலத்தை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, “சரி, கையெழுத்துப் போடுங்க” என்றார். அவ்வளவுதான்.

திரும்பப் பெற்ற அஞ்சல்தலைக்குச் சேகரிப்பாளர்கள் கவுண்டர் கவுண்டராக அலைகிறார்கள். ஒருத்தர் என் அறைக்கே வந்து, “சார், அந்த ஆட்டு ஸ்டாம்ப் ஒரு ஷீட் கிடைக்குமா?” என்றார். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை, எல்லாம் காகித ஆலைக்கு அரைக்கப் போய்விட்டது.

நீங்கள் எனக்கு எழுதியதை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கலாமா என்று உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு படித்தாள். முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தாள். மடித்தாள்.

“மூணையும் மடிச்சிருந்துச்சு மாமா. எனக்கு அப்பவே கொஞ்சம் விநோதமாத்தான் இருந்துச்சு” என்றாள். “ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

அழுவாள் என்று பார்த்தேன். பென்சில் சீவ ஆரம்பித்தாள். நாலு மீட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது படிவரைக்கும் வந்து, “அப்பா இப்ப காலேஜுக்குப் போறாரா?” என்று கேட்டாள். போகிறார் என்று சொன்னேன். போகிறீர்கள்தானே?

மைத்துனன்

*

மே 20

மாப்பிள்ளைக்கு,

போகிறேன். ஓய்வுபெற நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. போகாமல் என்ன செய்வது? தொகுதிக் குழுவின் அறையைக் காலி செய்தாயிற்று. புதுத் தலைவர் நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது சாவியைக் கொடுத்தேன். வகுப்பில் மாணவர்கள் முன்பைவிட அமைதியாக இருக்கிறார்கள். பயத்தின் அமைதி எனக்குப் பழக்கம், இது வேறு. என்னைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள். ஒருவன் தன் தாளில் உயரத்தை எழுதாமல் விட்டுவிட்டு, அளக்கவில்லை ஐயா என்றான். மதிப்பெண் குறைத்தேன். குறைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் குறைத்தேன்.

உங்கள் அக்கா நலம். உங்களைப் பற்றிக் கேட்டால் “நீங்களே எழுதிக் கேளுங்க, நான் என்ன இடைத்தரகரா?” என்கிறாள்.

நேற்று ஒரு கடிதம் வந்தது. உறையில் அனுப்புநர் இடத்தில் ‘ஓவியர், அஞ்சல்தலை வரிசை இரண்டு’ என்று இருந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியது. பூமருது வரைகிறாளாம். காலையில் ஊதாவாக இருக்கும் இதழ் மாலையில் வெளிறும் என்று தாவரத் தொகுதியின் இரண்டாம் பகுதியில் போட்டிருக்கிறது; எந்த நேரத்தில் வெளிறத் தொடங்குகிறது, ஓரத்திலிருந்தா நடுவிலிருந்தா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். இவ்வளவுதான். நலமா என்றுகூட இல்லை. கையெழுத்துக்கு மேல் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று இருந்தது.

இரண்டாம் பகுதியை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை எழுதியது நான், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன். அதற்கு முந்தைய ஒரு நூலிலிருந்து எடுத்தது. அந்த நூல்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரியவில்லை. எங்கள் துறையின் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூமருது நிற்கிறது. அதன் கீழ்தான் தினமும் வண்டியை நிறுத்துகிறேன்.

முதலில் ஒரு பக்கம் எழுதினேன், இதழின் நிறமிகளைப் பற்றி. கிழித்துவிட்டேன். பிறகு, பிற்பகல் மூன்று மணி அளவில் ஓரத்திலிருந்து என்று எழுதினேன். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதையும் கிழித்தேன்.

கடைசியில், ‘நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாது’ என்று எழுதி இன்று தபாலில் சேர்த்தேன். கீழே ‘அப்பா’ என்று போட்டேன். இரண்டு வரிக் கடிதம். எழுதி முடிக்க ஒரு நாள் ஆயிற்று.